சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் 15,349 கிலோமீட்டர், நேரம் எவ்வளவு?

பெரியம்மா சிங்கப்பூரில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நியூயார்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு ஜனவரியில் ஒரே விமானத்தில், நடுவில் எங்கும் இறங்காமல் போவதாக முடிவானது. போனில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏன்டா, மொத்தம் எத்தனை மணி நேரம்டா உட்காரணும்?"

கம்ப்யூட்டர்காரனிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வான்? நான் தூரத்தைத் தேடினேன். 15,349 கிமீ. பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிமீ போகும். வகுத்தேன். "பதினேழு மணி நேரம்தான் பெரியம்மா, ஒரு தூக்கம், ரெண்டு சினிமா" என்றேன். கூடவே அதிமேதாவித்தனமாக, "திங்கக்கிழமை கிளம்பி ஞாயித்துக்கிழமை போய் இறங்குவீங்க, தேதிக்கோட்டைத் தாண்டுறீங்க இல்ல" என்றும் சொல்லிவைத்தேன்.

இரண்டுமே தப்பு. பெரியம்மாவுக்குச் சர்க்கரை. இரவு ஒரு இன்சுலின், சாப்பாட்டுக்கு முன் ஒன்று. என் பதினேழு மணி நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் நம்பி அண்ணன் ஊசி நேரங்களை ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டார். நல்லவேளை, கிளம்புவதற்கு முந்தின வாரம் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டியிருக்கிறார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் மணி?" என்று கேட்டாராம். அண்ணனிடம் பதில் இல்லை. எனக்குப் போன் போட்டார். என்னிடமும் இல்லை.

அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல உட்கார்ந்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. ஒரு பாதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே வரை. பயணிகள் விமானம் இடைநில்லாமல் போகும் பாதைகளில் நீளமானது என்று பேர் வாங்கியது. 2020 நவம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதைத் தொடங்கியது.

முதலில் அந்த 15,349

இந்த எண் எங்கிருந்து வருகிறது? யாரும் டேப் பிடித்து அளக்கவில்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துப் போடும் கணக்கு இது.

சாங்கி: வடக்கு 1.36 டிகிரி, கிழக்கு 104 டிகிரி. ஜேஎஃப்கே: வடக்கு 40.64 டிகிரி, மேற்கு 73.78 டிகிரி. தீர்க்கரேகைகளின் வித்தியாசம் கிட்டத்தட்ட 178 டிகிரி. 180 என்றால் பூமிக்கு நேர் மறுபக்கம். அதாவது சிங்கப்பூரில் உச்சி வெயில் அடிக்கும்போது நியூயார்க்கில் கிட்டத்தட்ட நடுநிசி.

பூமியை 6,371 கிமீ ஆரமுள்ள உருண்டை என்று வைத்து, கல்லூரியில் படித்த கோள முக்கோணக் கணக்கைப் போட்டால் 15,340 கிமீ வருகிறது. நானும் பத்து வரி நிரல் எழுதிப் பார்த்தேன், அதேதான். மிச்சம் 9 கிமீ எங்கே? பூமி சரியான உருண்டை இல்லை. நடுவில் கொஞ்சம் பருத்து, துருவங்களில் கொஞ்சம் தட்டையாக இருக்கிறது. பூமத்திய ரேகையில் ஆரம் 6,378 கிமீ, துருவத்தில் 6,357 கிமீ. அந்த வடிவத்துக்கான சூத்திரத்தைப் போட்டால் 15,349 வந்துவிடுகிறது.

ஆக 15,349 என்பது பூமியின் மேல் இந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே இழுக்கக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளம். அவ்வளவுதான். அந்தக் கோட்டில் விமானம் போகிறது என்று அந்த எண் சொல்லவே இல்லை. நான்தான் அப்படி நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கோடு எங்கே போகிறது?

வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை சிங்கப்பூரில், மறுமுனை நியூயார்க்கில். நூலை இறுக்கி இழுங்கள். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நூல் பசிபிக்கைத் தாண்டிப் போகும், இல்லாவிட்டால் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகும் என்றுதான் தோன்றும். இரண்டும் இல்லை. நூல் நேராக வடக்கே ஏறும்.

தாய்லாந்து வளைகுடா, லாவோஸ், சீனாவின் மேற்குப் பாதி, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் கடல். வட துருவத்திலிருந்து சுமார் 280 கிமீ தள்ளி ஓடி, மறுபக்கம் கிரீன்லாந்தின் வடமேற்கு மூலை, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக நியூயார்க்கில் இறங்கும். 15,349 கிமீயில் பசிபிக் கடல் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

ஆனால் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் வழியாகத்தான் போகிறது. ஜப்பான் பக்கம் ஏறி, வட பசிபிக்கைக் குறுக்கே கடந்து, அமெரிக்கக் கண்டத்தின் மேல் நுழைந்து, கிழக்குக் கரைக்கு வருகிறது. குறுகிய கோட்டைவிட ஆயிரம் கிலோமீட்டரோ அதற்கு மேலோ கூடுதலாக ஓடும் நாட்கள் உண்டு.

ஆயிரம் கிமீ சுற்றிப் போவதா? சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பும் தூரத்தைவிட அதிகம். பெட்ரோல் போட்டு வண்டி ஓட்டுகிற எவனும் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். இதற்கு முதல் காரணம் காற்று.

ஓடுகிற ஆற்றில் படகு

வங்கித் தேர்வுக்குப் படித்தவர்களுக்குப் படகும் நீரோட்டமும் கணக்கு ஞாபகம் இருக்கும். படகின் வேகம் தண்ணீருக்குத்தான், கரைக்கு இல்லை. விமானமும் அப்படித்தான். ஒலிவேகத்தில் 85 சதவீதம், அதாவது அந்த உயரத்துக் குளிரில் மணிக்குச் சுமார் 900 கிமீ என்பது சுற்றியிருக்கும் காற்றோடு ஒப்பிட்ட வேகம். அந்தக் காற்றே 100 கிமீ வேகத்தில் முன்னால் ஓடினால் தரையைப் பொறுத்து 1,000. எதிரே வந்தால் 800.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே அது மிகப் பலமாக இருக்கும். மணிக்கு 200 கிமீ சாதாரணம், 300ஐத் தாண்டும் நாட்களும் உண்டு.

இதை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் ஒயிஷி வாசபுரோ. 1920களில் தாதேனோ என்ற ஊரின் ஆய்வகத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, அவை எவ்வளவு வேகமாகக் கிழக்கே அடித்துச் செல்லப்படுகின்றன என்று குறித்துவைத்தார். உலகத்துக்கே புரியட்டும் என்று அறிக்கையை எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். பாவம், அதனாலேயே உலகம் படிக்கவில்லை. 1944இல் ஜப்பானின் மேல் குண்டு போட உயரே பறந்து வந்த அமெரிக்க பி-29 விமானிகள் இந்தக் காற்றில் மாட்டி, குறி தவறித் திணறினார்கள். இன்று அதே காற்றில் ஏறிக்கொண்டுதான் பெரியம்மா மாதிரி ஆட்கள் பேத்தியைப் பார்க்கப் போகிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள்.

குறுகிய கோடு, காற்றே இல்லை: 15,349 கிமீயை 900ஆல் வகுத்தால் 17 மணி 3 நிமிடம்.

ஆயிரம் கிமீ நீளமான வழி, வழியெங்கும் சராசரியாக 80 கிமீ பின்காற்று: 16,349 கிமீயை 980ஆல் வகுத்தால் 16 மணி 41 நிமிடம்.

ஆயிரம் கிமீ கூடுதலாகப் போய், 22 நிமிடம் முன்னால் சேர்ந்தாச்சு! விமான நிறுவனத்தின் வழித்திட்ட மென்பொருள் செய்வது இதைத்தான். தரையில் குறைந்த தூரத்தை அது தேடுவதில்லை, காற்றுக்குள் குறைந்த தூரத்தைத் தேடுகிறது. அன்றன்றைக்கு வரும் காற்று முன்னறிவிப்பை வைத்து, ஒவ்வொரு நாளும் புதிதாக. அதனால் நேற்றைய பாதையும் இன்றைய பாதையும் ஒன்றாக இருக்க வேண்டியதே இல்லை.

திரும்பி வரும்போது அதே காற்று எதிரி. அதனால் நியூயார்க்கிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் விமானம் சில நாட்கள் பசிபிக் பக்கமே வராமல், அட்லாண்டிக், ஐரோப்பா என்று கிழக்கு நோக்கியே பறந்து வந்துவிடும். போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. அப்படி ஒரு ஜோடி அமைந்தால் பயணி தனக்கே தெரியாமல் உலகத்தைச் சுற்றி வந்திருப்பார்.

இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. போகும்போது கிடைத்தது வரும்போது போய்விடும், சரிக்குச் சரி என்று நினைப்போம். அப்படி இல்லை. 9,000 கிமீ தூரம், 900 கிமீ வேகம் என்று வைத்தால், காற்றில்லாமல் போய்வர 20 மணி நேரம். 100 கிமீ காற்று இருந்தால் போக 9 மணி, வர 11 மணி 15 நிமிடம், மொத்தம் 20 மணி 15 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் அது அதிகம் தின்கிறது. ஒரே வழியில் போய்வந்தால் காற்றிடம் எப்போதும் நமக்கு நஷ்டம்தான். போகும் வழியையும் வரும் வழியையும் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துருவத்தின் மேல் போனால் என்ன?

போகலாம், போகிறார்கள். ஆனால் சும்மா போக முடியாது.

இரண்டு எஞ்சின் விமானம் என்றால், ஒரு எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றோடு குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை அடையும்படி பாதை இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அது 60 நிமிடம். எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக அது நீண்டது. இந்தப் பாதையில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900 ரகத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி உண்டு. அமெரிக்க விதிப்படி 78 டிகிரிக்கு வடக்கே போனால் தனி ஏற்பாடுகள் வேண்டும். பனிப்பாலைவனத்து விமான நிலையம் ஒன்றில் இறங்க நேர்ந்தால் பயணிகளை எப்படி மீட்பது என்ற திட்டம் உட்பட.

எரிபொருள் உறைவது இன்னொன்று. உலகின் பெரும்பகுதியில் போடும் ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரியில் உறைய ஆரம்பிக்கும். அமெரிக்காவில் போடும் ஜெட் ஏ மைனஸ் 40இலேயே. துருவத்துக் குளிரில் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ரொம்பக் குளிர்ந்தால் கீழே இறங்க வேண்டும், அல்லது வேகத்தைக் கூட்ட வேண்டும். இரண்டுக்கும் எரிபொருள் செலவு.

மூன்றாவது, கீழே யாருடைய நாடு என்பது. இதற்கு உலகத்திலேயே பளிச்சென்ற உதாரணம் வேறு பாதை: பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ. தூரம் சுமார் 7,800 கிமீ. சைபீரியா மேலே நேராகப் போய் ஒன்பதரை மணி நேரத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்கள் ஊர்தான் என்று சொல்லியே பின்லாந்தின் ஃபின்ஏர் தன் தொழிலைக் கட்டியிருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கி, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா தன் வான்வெளியை மூடியது. அடுத்த மாதமே அதே விமானம் வட துருவத்தைச் சுற்றி டோக்கியோ போக ஆரம்பித்தது. சுமார் 13 மணி நேரம்.

ஹெல்சிங்கியும் நகரவில்லை, டோக்கியோவும் நகரவில்லை. தூரம் எத்தனை கிமீ என்று தேடினால் இன்றும் அதே எண்தான் வரும். நேரம் மட்டும் மூன்றரை மணி நேரம் கூடிவிட்டது.

இதைப் படித்தபோதுதான் என் தப்பு எனக்கு உறைத்தது. தூரம் என்பது இரண்டு ஊர்களைப் பற்றிய விஷயம். நேரம் என்பது வழியைப் பற்றிய விஷயம். முதலாவது மாறாது. இரண்டாவது காற்று, சட்டம், போர் எல்லாவற்றோடும் சேர்ந்து மாறும். நான் முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்லிவிட்டேன்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம்

சரி, கணக்கில் 17 மணி. டிக்கெட்டில் சுமார் பதினெட்டரை மணி நேரம் என்று இருக்கிறதே?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் இல்லை. வாசலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து, அந்தப் பக்க வாசலில் போய் நிற்கும் வரை உள்ள நேரம். பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகப் போவது, ஜேஎஃப்கே மாதிரி நெரிசலான இடத்தில் வானத்தில் வட்டமடிப்பது, எல்லாம் அதற்குள். அதோடு அட்டவணையை மாதக்கணக்குக்கு முன்னாடியே போட வேண்டும். அன்றைய காற்று அன்றைக்குத்தான் தெரியும். அதனால் பருவத்தின் சராசரிக் காற்றுக்குக் கணக்குப் போட்டு, மேலே கொஞ்சம் தாராளமாகச் சேர்த்து வைக்கிறார்கள். காற்று நன்றாக அடித்த நாளில் அரை மணி முன்னாலேயே இறங்கிவிட்டு, "வாசல் காலியில்லை" என்று உட்காரவைப்பதன் ரகசியம் இதுதான்.

எரிபொருளைச் சுமக்க எரிபொருள்

இந்தப் பாதை இவ்வளவு காலம் இல்லாமல், வந்து, நின்று, மறுபடி வந்த கதையும் நேரத்தோடு சம்பந்தப்பட்டதுதான்.

2004இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை வைத்து, நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கு இடைநில்லாப் பயணம் ஆரம்பித்தது. எண்ணெய் விலை ஏறியது. 2008இல் அந்த விமானத்தில் வெறும் 100 இருக்கை, எல்லாமே பிசினஸ் வகுப்பு என்று மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். 2018 அக்டோபரில் இரண்டே எஞ்சின் உள்ள ஏ350-900 யுஎல்ஆர் வந்த பிறகுதான் மறுபடி தொடங்கியது.

யுஎல்ஆர் விமானத்தின் தொட்டிகளில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 132 டன். விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன்தான். தொட்டி நிறைந்திருந்தால் எடையில் கிட்டத்தட்ட பாதி எரிபொருள். அதில் பயணிகள் 161 பேர். பெட்டியோடு ஆளுக்கு 100 கிலோ என்றாலும் 16 டன். ஆள் ஒரு பங்கு, எரிபொருள் எட்டுப் பங்கு. பெரியம்மாவைச் சுமப்பதைவிட, பெரியம்மாவைச் சுமக்கத் தேவையான எரிபொருளைச் சுமப்பதுதான் அந்த விமானத்தின் முக்கிய வேலை.

இது கூட்டு வட்டி மாதிரி. கையில் இருக்கும் ஒவ்வொரு டன்னையும் ஒரு மணி நேரம் சுமக்க, அந்த எடையில் தோராயமாக 3 சதவீதம் எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மணி நேரம் கழித்து ஒரு டன் மிச்சம் இருக்க வேண்டுமானால், கிளம்பும்போது சுமார் 1.7 டன் ஏற்ற வேண்டும். ஆறு மணி நேரப் பயணத்துக்கு 1.2 டன் போதும். கடைசி ஒரு மணி நேரத்துக்கான எரிபொருள்தான் மிக விலையுயர்ந்தது. ஏனென்றால் அதை முதல் 17 மணி நேரமும் தூக்கிக்கொண்டு வருகிறோம். நடுவில் ஒரு ஊரில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போவது சில சமயம் மொத்தத்தில் குறைவாக எரிப்பதும் இதனால்தான்.

இங்கே யார் ஏறுகிறார்கள் என்ற கேள்வியும் வருகிறது. அதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350இல் 253 இருக்கைகள். யுஎல்ஆரில் 161. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி வகுப்பே இல்லை. எடையைக் குறைத்தாக வேண்டும், குறைந்த பேரிடம் அதிகக் காசு வாங்கியாக வேண்டும். எதிர்காற்றில் கூடும் ஒரு மணி நேரத்துக்கான எரிபொருளின் விலை கடைசியில் டிக்கெட்டில்தான் வந்து உட்காருகிறது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாங்கினார், நடுவில் ஒரு பெரிய விமான நிலையத்தில் பெரியம்மா தனியாக வாசல் தேடி அலைய வேண்டாமே என்பதற்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமை

கடைசியாக, என் இரண்டாவது தப்பு. நிரல் எழுதுகிறவன் செய்யக்கூடாத தப்பு.

சிங்கப்பூர் நேரம் யுடிசியை விட 8 மணி முன்னால். குளிர்காலத்தில் நியூயார்க் 5 மணி பின்னால். வித்தியாசம் 13 மணி. கோடைகாலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பதால் 12. அப்போது கைக்கடிகாரத்தைத் தொடவே வேண்டாம், பகலை இரவு என்று நினைத்துக்கொண்டால் போதும். சூரியனைக் கேட்டால் 11 மணி 51 நிமிடம்தான் என்று சொல்லும். சிங்கப்பூர் இருக்கும் தீர்க்கரேகைக்கு 7 மணிதான் பொருத்தம். 1982இலிருந்து 8 மணியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குக்காக ரவுண்டாக வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் திங்கள் அதிகாலை 12:30க்குக் கிளம்புகிறது. பதினெட்டரை மணி நேரம். சிங்கப்பூர் நேரப்படி திங்கள் மாலை 7 மணிக்கு இறங்குகிறது. 13 மணியைக் கழித்தால் நியூயார்க்கில் திங்கள் காலை 6 மணி. முடிந்தது.

நான் என்ன செய்தேன்? 13 மணியைக் கழித்துவிட்டு, "சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டுகிறதே" என்று இன்னொரு நாளையும் கழித்தேன். ஒரே கடனை இரண்டு தடவை அடைத்த கதை. யுடிசி வித்தியாசத்திலேயே தேதிக்கோடு அடங்கிவிட்டது. யோசித்துப் பாருங்கள், விமானம் பசிபிக் வழியாகப் போனால் தேதிக்கோட்டைத் தாண்டும். ஐரோப்பா வழியாகப் போனால் தாண்டவே தாண்டாது. அதற்காக நியூயார்க்கில் இறங்கும்போது தேதி மாறிவிடுமா என்ன? இறங்கும் ஊரில் அப்போது என்ன தேதியோ அதுதான்.

வரும்போது தலைகீழ். நியூயார்க்கில் ஞாயிறு இரவு 10:30க்கு ஏறினால், அதே பதினெட்டரை மணி நேரத்தில் சிங்கப்பூரில் செவ்வாய் காலை 6 மணி. திங்கட்கிழமை என்று ஒன்று பெரும்பாலும் விமானத்துக்குள்ளேயே கரைந்துபோகும்.

சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் போகும் பயணம் ஐந்தரை மணி நேரம், வரும் பயணம் முப்பத்தொன்றரை மணி நேரம். உடம்புக்கு இரண்டுமே பதினெட்டரை. டாக்டர் கேட்ட "எந்த ஊர் மணி?"க்கு அர்த்தம் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. மருந்துக்குச் சுவர்க் கடிகாரம் தெரியாது. போன ஊசியிலிருந்து எத்தனை மணி நேரம் ஆச்சு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். என் தாளில் இருந்தது நியூயார்க் சுவரின் மணி, அதுவும் ஒரு நாள் தப்பாக.

டாக்டர் புதுத் தாள் எழுதிக் கொடுத்தார். எல்லா நேரமும் சிங்கப்பூர் மணியில். பெரியம்மா கையில் ஒரு கடிகாரம், இறங்கும் வரை அதைத் திருப்பவே கூடாது. இறங்கிய பிறகு எந்த ஊசியிலிருந்து புது ஊர் மணிக்கு மாற வேண்டும் என்பதும் அவரே குறித்துக் கொடுத்தது. ஒவ்வொருவருக்கும் இது வேறு மாதிரி இருக்கும், அதனால் அந்த எண்களை இங்கே எழுதவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் போவதாக இருந்தால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கூகுளில் வந்த தூரத்தைக் காட்டாதீர்கள். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறைக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோக வாய்ப்புண்டு.

அன்றைக்கு விமானம் அட்டவணையைவிட இருபது நிமிடம் முன்னால் இறங்கிவிட்டது. ஜப்பான் பக்கத்துக் காற்று நன்றாக இருந்திருக்க வேண்டும். அக்கா திங்கட்கிழமைக்குத்தான் லீவு போட்டிருந்தார், என் பேச்சைக் கேட்காமல் டிக்கெட்டைப் பார்த்து. வீட்டுக்குப் போனதும் பெரியம்மா போன் செய்தார்.

"பதினேழுன்னு சொன்னியேடா?"

"காத்து பெரியம்மா" என்றேன்.

"காத்து இல்லடா, நீ" என்றார்.